பழைய டீசல் பிக்கப்: என்ன ஏற்றிய வண்டி என்று முதலில் கேளுங்கள்

3 ஜூன் 2025 (வந்த கேள்வி)

அண்ணா, தாளவாடியில் முட்டைக்கோசும் தக்காளியும் போடுகிறோம். வாடகை வண்டிக்குக் கொடுத்துக் கட்டுபடியாகவில்லை, அதனால் சொந்தமாக ஒரு பழைய டீசல் பிக்கப் எடுக்கலாம் என்று இருக்கிறேன். ஈரோட்டில் பழைய வண்டி விற்கும் ஒரு கன்சல்டிங்கில் ஒன்றரை டன் ரகம் ஒன்று நிற்கிறது. 2017 ஆகஸ்ட் பதிவு, இரண்டாவது ஓனர், மீட்டர் 92,000, விலை 4,60,000 சொல்கிறார்கள். பெயிண்ட் புதுசு. தட்டியதும் ஸ்டார்ட் ஆகிறது, புகையே இல்லை. இன்ஜின் நன்றாக இருந்தால் எடுத்துவிடலாம்தானே?

3 ஜூன், இரவு (என் பதில்)

தம்பி, அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். இன்ஜினைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்கள், மீட்டரைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த வண்டி இந்த எட்டு வருஷமும் என்ன ஏற்றியது என்று கேட்டீர்களா? சரக்கு வண்டிக்கு அதுதான் ஜாதகம். இன்ஜின் போனால் வேலை பார்க்கலாம், செலவு வலிக்கும், ஆனால் வண்டி திரும்ப ஓடும். சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், தளர்ந்துவிட்டால் என்ன செலவு செய்தாலும் அது முன்பிருந்த வண்டி ஆகாது.

மீட்டர் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள். எட்டு வருஷத்தில் 92,000 என்றால் ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம். வாடகைக்கு ஓடும் பிக்கப் நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டர் சாதாரணமாக ஓடும். வருஷத்துக்கு முந்நூறு நாள் வைத்தால் எட்டு வருஷத்தில் இரண்டரை லட்சத்தைத் தொடும். ஒன்று மீட்டரைக் குறைத்திருக்கிறார்கள், இல்லை பக்கத்திலேயே ஓடிய வண்டி. பக்கத்திலேயே ஓடியது என்றால் மனசு இன்னும் பயப்படுகிறது, ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன்.

4 ஜூன்

பக்கத்திலேயே ஓடும் பிக்கப் பெரும்பாலும் செங்கல், எம்-சாண்ட், தண்ணீர் டேங்க் வண்டியாகத்தான் இருக்கும். ஒரு செங்கல் ஏறக்குறைய மூன்று கிலோ. ஆயிரம் கல் ஏற்றினால் மூன்று டன். அரை யூனிட் எம்-சாண்ட் இரண்டு டன்னைத் தாண்டும். இரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் என்றால் தண்ணீர் மட்டுமே இரண்டு டன், அதோடு டேங்க் எடை வேறு. போதாததற்கு தண்ணீர் அசையும் சரக்கு, பிரேக் அடித்தால் முன்னால் வந்து மோதும், வளைவில் பக்கவாட்டில் தள்ளும். ஒன்றரை டன் வண்டியில் இதைத் தினம் ஐந்து நடை அடித்தால் மீட்டர் ஏறாது, சேசிஸ் மட்டும் இறங்கிக்கொண்டே போகும்.

என் கதையைச் சொல்கிறேன். 2013-இல் முதல் வண்டி எடுத்தேன், கம்பெனிப் பெயர் வேண்டாம், வண்டியைச் செய்தவர்கள் மேல் தப்பு இல்லை. இன்ஜின் அவ்வளவு நன்றாக இருந்தது. அடியில் குனிந்து பார்த்தேன், சேசிஸ் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் பளபள என்று இருந்தது, நன்றாக வைத்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். நாலாம் மாதம் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு சத்தியமங்கலம் போகும்போது பின்னால் இடது பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம், வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பின் பட்டையின் (லீஃப் ஸ்பிரிங்) முன் பிராக்கெட் இருக்கும் இடத்தில் சேசிஸ் சேனல் விட்டிருந்தது. ஏற்கெனவே விரிசல் விட்ட இடத்தில் வெல்டு அடித்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். முதல் ஓனர் செங்கல் சூளைக்கு ஓட்டினார் என்று அப்புறம்தான் தெரிந்தது. தார் எல்லாம் ரோட்டோரம் இறக்கி வேறு வண்டியில் ஏற்றினோம். அன்றைக்கு அப்பா ஒன்றும் பேசவில்லை, அதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

அதனால் அடியில் எல்லா இடமும் ஒரே மாதிரி தூசியும் எண்ணெயுமாக இருந்தால் எனக்கு நிம்மதி. ஒரு முழ நீளத்துக்கு மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தால் அங்கே ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டிப் பார்த்தே ஆகவேண்டும்.

4 ஜூன், கொஞ்ச நேரம் கழித்து

எங்கே பார்ப்பது என்று எழுதாமல் விட்டுவிட்டேன். பின் பட்டை மாட்டியிருக்கும் முன் பிராக்கெட்டும், பின் முனையைப் பிடித்திருக்கும் ஷேக்கிளும், இரண்டு பக்கமும். கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவில் உள்ள இடைவெளி, வண்டி வளைவது அங்கேதான். சேசிஸின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பர் சேரும் மூலைகள். டார்ச் அடித்துப் பாருங்கள், கை எட்டாத இடத்துக்குச் சின்னக் கண்ணாடி. விரிசலிலிருந்து துரு ஒரு கோடாக வடிந்திருக்கும், கண்ணீர் வடிந்த தடம் மாதிரி.

பட்டைகளை எண்ணுங்கள். இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா, கம்பெனி கொடுத்ததைவிட அதிகம் போட்டிருக்கிறார்களா? கூடுதல் பட்டை போட்டிருந்தால் கூடுதல் லோடு ஏற்றினார்கள் என்று வண்டியே சொல்கிறது.

6 ஜூன்

'என்ன ஏற்றினார்கள் என்று கேட்டால் எவன் உண்மை சொல்வான்' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்லமாட்டார்கள்தான். தொட்டியைப் பாருங்கள். தரையில் நாலு மூலையிலும் போல்ட் துளை போட்டு அடைத்திருந்தால் டேங்க் உட்கார்ந்திருந்தது. பக்கக் கதவுக் கீல் இடுக்கில் விரலை விட்டு எடுத்தால் சிவப்புத் தூள் வரும், அது செங்கல். தரைத் தகடு அலை அலையாகப் பள்ளம் விழுந்திருந்தால் கல்லோ இரும்போ. மீன் வண்டி என்றால் வாசம் போயிருந்தாலும் ஐஸ் தண்ணீரும் உப்பும் வடிந்த இடம் போகாது, பின் கிராஸ் மெம்பரும் பின் பக்க பிரேக் பைப்பும் பொரிப் பொரியாகத் துரு ஏறியிருக்கும். தூத்துக்குடி, நாகப்பட்டினம், நாகர்கோவில் பக்கப் பதிவெண் என்றால் நான் இதை இரண்டு தடவை பார்ப்பேன். உரமும் உப்பும் ஏற்றிய வண்டிகளும் இப்படித்தான். நாமக்கல் பக்கம் கோழிக் கூண்டு ஓட்டிய வண்டியில் எச்சம் தகட்டைத் தின்றிருக்கும்.

நல்ல வண்டி எது என்றால், பிஸ்கட் ஏஜென்சி, ரொட்டி, பனியன் துணி மூட்டை. தொட்டி நிறையும், எடை ஏறாது. பால் வண்டியும் பரவாயில்லை, கிலோமீட்டர் அதிகம் இருக்கும், ஆனால் தினம் ஒரே எடை, ஒரே டிரைவர், நேரத்துக்கு ஆயில் மாற்றுவார்கள். நின்றால் பால் கெட்டுவிடுமே.

7 ஜூன்

சரி, இன்ஜினுக்கு வருகிறேன். காலையில் போங்கள், சொல்லாமல் போங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் ஹோஸில் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடு பண்ணிவிட்டார்கள். அன்றைக்கு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள். டீசல் இன்ஜின் உண்மை பேசுவது குளிர்ந்திருக்கும்போதுதான்.

குளிரில் தட்டியதும் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து ஒரு நிமிஷத்தில் நின்றுவிட்டால் கவலை இல்லை. நிற்காமல் வந்தால் இன்ஜெக்டர் அல்லது கம்ப்ரெஷன், கேஸ்கட் போயிருந்தாலும் அப்படி வரும், அதில் ஒரு இனிப்பு வாசம் இருக்கும். நீலப் புகை ஆயில் எரிகிறது. ஏற்றத்தில் கரும்புகை என்றால் ஏர் ஃபில்டரில் தொடங்கி டர்போ, இன்ஜெக்டர் வரை எதுவாகவும் இருக்கலாம்.

பேக் கம்ப்ரெஷன் பார்ப்பதுதான் நம் ஊர் மெக்கானிக்குகளின் முதல் சோதனை. இன்ஜின் சூடானதும் ஐட்லிங்கில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாக அந்த வாய் மேலேயே வைக்க வேண்டும். மூடி அப்படியே உட்கார்ந்திருந்தால் நல்லது, லேசாக ஆடினால் வயசுக்கு ஏற்றது, தூக்கி எறிந்து புகையும் வந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் போரும் தேய்ந்துவிட்டன. ஆயில் கேஜைப் பிடுங்கினால் அந்தத் துளை வழியாகவும் புகை வரும்.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்காதீர்கள், குளிர்ந்திருக்கும்போதே திறந்து பார்த்துவிடுங்கள். மேலே எண்ணெய்ப் படலம் இருக்கக்கூடாது, வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருந்தால் துருச் சிவப்பாக இருக்கும். உங்கள் ஊருக்குத் திம்பம் ஏறவேண்டும், இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. லோடோடு இரண்டாம் கியரில் ஏறும்போது காற்று அடிக்காது, சூடு ஏறும். தரையில் ஓடுகிறவருக்கு ரேடியேட்டர் பத்தாவது விஷயம், உங்களுக்கு முதல் விஷயம்.

8 ஜூன்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். என் மெக்கானிக் படித்துவிட்டுக் கூப்பிட்டார். இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாய் அடைத்திருந்தாலும் மூடி ஆடுமாம், புகையும் வருமாம். அதனால் மூடி ஆடியதும் வண்டியை ஒதுக்கிவிடாமல், பிரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்து இன்னொரு தடவை பார்க்கவேண்டும். நான் இத்தனை வருஷமாக அதைச் செய்ததில்லை. இரண்டு நல்ல வண்டிகளை அப்படி விட்டிருப்பேன் என்று நினைக்கிறேன்.

8 ஜூன், மாலை

மெக்கானிக் என்றதும் நினைவுக்கு வருகிறது. வண்டி நிற்கும் ஊரில் உள்ள மெக்கானிக்கைக் கூட்டிப் போகாதீர்கள். கெட்டவர் என்று சொல்லவில்லை, அவருக்குக் கன்சல்டிங்காரர் தினமும் வேலை கொடுப்பவர், நீங்கள் ஒரு நாள் வந்து போகிறவர். உங்கள் ஊரிலிருந்தே கூட்டிப் போய் ஒரு நாள் சம்பளத்தை முன்னாடியே கொடுத்துவிடுங்கள், வண்டி எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அது அவருடையது என்று சொல்லிக் கொடுங்கள். அப்போதுதான் 'வேண்டாம்' என்று சொல்ல அவருக்கு வாய் வரும்.

11 ஜூன்

புகைக் கட்டுப்பாட்டு விதியில் பிஎஸ்3, பிஎஸ்4, பிஎஸ்6 எது நல்லது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்4, 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6. பிஎஸ்3 காலத்து வண்டிகள் பலவற்றில் மெக்கானிக்கல் பம்ப், எந்தச் சந்தில் நின்றாலும் சரி செய்ய ஆள் உண்டு, ஆனால் இப்போது வயசாகிவிட்டது. பிஎஸ்4-இல் பெரும்பாலும் காமன் ரெயில், கம்ப்யூட்டர் அளந்து உயர் அழுத்தத்தில் டீசல் தெளிக்கும் முறை. இழுவை நன்றாக இருக்கும், அழுக்கு டீசலைத் தாங்காது. காமன் ரெயில் வண்டி வாங்கினால் இன்ஜெக்டர் ரிட்டர்ன் டெஸ்ட் கட்டாயம் செய்யுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் ஒரு பாட்டிலில் விட்டு இன்ஜினை ஓட்டினால் எது அதிகம் கக்குகிறது என்று கண்ணால் தெரியும். பத்து நிமிஷ வேலை, எந்த மீட்டரும் வேண்டாம்.

பிஎஸ்6-இல் சைலன்சரில் கரி வடிகட்டி இருக்கும். அது நீண்ட ஓட்டத்தில் சூடேறித் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். ஊருக்குள் நிறுத்தி நிறுத்தி ஓடிய வண்டியில் அது அடைத்து டேஷ்போர்டில் விளக்கு எரியும். சாவி போட்டதும் எல்லா விளக்கும் ஒரு தடவை எரிந்து அணைய வேண்டும். ஒரு விளக்கு எரியவே இல்லை என்றால் அதன் பல்பைப் பிடுங்கியிருக்கலாம், அது எரிந்துகொண்டே இருப்பதைவிட மோசம்.

14 ஜூன்

குட்டி யானை போதாதா என்று கேட்பவருக்கு: டாடா ஏஸ் 2005-இல் வந்தபோது மூன்று சக்கர வண்டி ஓட்டியவர்களுக்கு அது பெரிய விடுதலை, எங்கள் ஊரில் அதை வைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த வீடுகள் இருக்கின்றன. ஊருக்குள் முக்கால் டன் வேலைக்கு இன்றைக்கும் அதுதான். மலை ஏறி ஒன்றேகால் டன் காய் இறக்க வேண்டும் என்றால் பொலேரோ பிக்கப், ஓசூரில் செய்யும் தோஸ்த் இந்த ரகத்துக்கு வந்துவிடுங்கள். எந்தக் கம்பெனி என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. உங்கள் ஊர் மெக்கானிக் எதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பாரோ, சாமான் எதற்குப் பக்கத்து டவுனில் கிடைக்குமோ அதை எடுங்கள்.

15 ஜூன் (தாளவாடித் தம்பி)

அண்ணா, மெக்கானிக் மாமாவோடு போய்ப் பார்த்தேன். ஆயில் மூடி ஆடவே இல்லை. ஆனால் தொட்டித் தரையில் அடைத்த துளை ஆறு இருக்கிறது. டயரில் நாலு எண் 1122. மாமா அடியில் போய் வந்ததும் ஒன்றும் சொல்லாமல் கையைக் கழுவிவிட்டு வா போகலாம் என்றார். வெளியே வந்துதான் சொன்னார், வலது பக்கப் பட்டை பிராக்கெட்டில் தகடு வைத்து வெல்டு.

15 ஜூன்

மாமா காலில் விழுந்து கும்பிடுங்கள். தண்ணீர் டேங்க் வண்டி அது. 4,60,000 என்ன, மூன்று லட்சத்துக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

டயர் எண் மற்றவர்களுக்காக: 1122 என்றால் 2022-ஆம் வருஷம் பதினோராவது வாரம் செய்த டயர். புது வண்டியோடு வந்த டயரே இன்னும் இருக்கிறது என்று விற்பவர் சொன்னால் இந்த எண்ணைப் பாருங்கள். கிளட்ச் பெடல் ரப்பர், ஸ்டியரிங் கைப்பிடி, டிரைவர் சீட் ஓரம், இவை மூன்றும் வழவழ என்று தேய்ந்து மீட்டர் மட்டும் எண்பதாயிரம் காட்டினால் நான் சீட்டை நம்புவேன்.

17 ஜூன்

ஓட்டிப் பார்ப்பதைப் பற்றி. காலி வண்டியை ரோட்டில் ஒரு ரவுண்டு அடித்தால் எதுவும் தெரியாது. லோடு போடுங்கள். என் வழக்கம், பக்கத்து அரிசி மில்லில் கேட்டு முப்பது மூட்டை ஏற்றி, கூலியும் டீசலும் நானே கொடுத்து ஏற்றத்தில் ஓட்டிப் பார்ப்பது. இதற்கு ஒத்துக்கொள்ளாத ஓனரிடம் வண்டி எடுக்கவேண்டிய அவசியம் இல்லை. மேல் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்சிலேட்டரை முழுக்க மிதியுங்கள், இன்ஜின் மட்டும் கத்தி வண்டி வேகம் பிடிக்காவிட்டால் கிளட்ச் பிளேட் போய்விட்டது. இறக்கத்தில் கியரில் விட்டு ஆக்சிலேட்டரை எடுக்கும்போது கியர் தானாக விழக்கூடாது. மிதிக்கும்போது ஒரு ஊளை, விடும்போது வேறு ஊளை என்று பின்னாலிருந்து வந்தால் கிரவுன், பின் அச்சுக்குள் இருக்கும் பல்சக்கரம், தேய்ந்துவிட்டது.

அப்புறம் ஒன்று. வண்டி நேராகப் போகிறதா, நண்டு மாதிரிப் போகிறதா என்று பார்க்க, தரையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி அதன் மேல் நேராக ஓட்டிவிட்டுத் தடத்தைப் பாருங்கள். முன் சக்கரத் தடத்தின் மேலேயே பின் சக்கரத் தடம் விழவேண்டும்.

18 ஜூன்

மேலே சொன்ன தண்ணீர்த் தடம் தப்பு. முன் அச்சும் பின் அச்சும் ஒரே அகலம் இருக்காது, அதனால் தடம் ஒன்றன் மேல் ஒன்று விழாது. இடது பக்கம் எவ்வளவு விலகியிருக்கிறதோ வலது பக்கமும் அதே அளவு விலகியிருக்க வேண்டும். ஒரு பக்கம் விலகி இன்னொரு பக்கம் மறைந்தால்தான் நண்டு நடை. யாராவது என் பேச்சைக் கேட்டு நல்ல வண்டியை விட்டிருந்தால் திரும்பப் போய்ப் பாருங்கள்.

22 ஜூன்

காகிதம். இதில் நான் கொஞ்சம் கறாராகப் பேசுவேன், என் மச்சான் பட்ட பாடு அப்படி.

முதலில் பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு எஃப்சி (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், வரி, பசுமை வரி, ஃபைனான்ஸ் எல்லாம் பாருங்கள், இ-சலான் (அபராத) பாக்கியையும் தேடுங்கள். ஓவர்லோடு சலான் இருந்தால் அது இரண்டு செய்தி: பாக்கித் தொகை ஒன்று, வண்டியின் குணம் இன்னொன்று. 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதற்கு அபராதம் இருபதாயிரம், கூடுதலாக ஒவ்வொரு டன்னுக்கும் இரண்டாயிரம்.

சரக்கு வண்டிக்கு எட்டு வயசு வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்சி, அதற்கு மேல் வருஷா வருஷம். தம்பி பார்த்த வண்டி வரும் ஆகஸ்டில் எட்டு முடிக்கிறது, விற்க அவசரப்பட்டதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். தொட்டியை நீட்டியோ உயர்த்தியோ ஆர்சி-யில் ஏற்றாமல் இருந்தால் எஃப்சி-யில் மாட்டும். ஆர்சி-யில் மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டவில்லை என்றால் பெர்மிட் வேண்டாம். லைசென்ஸைப் பற்றிப் பயப்படுகிறார்கள், 7,500 கிலோவுக்குக் கீழ் உள்ள சரக்கு வண்டியை எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்துவிட்டது.

ஃபைனான்ஸ் கட்டி முடித்துவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது. பாக்கி இல்லை என்ற என்ஓசி-யும், ஆர்சி-யிலிருந்து கடனை நீக்க ஃபைனான்ஸ்காரர் கையெழுத்துப் போட்ட படிவம் 35-ம் கையில் வரவேண்டும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் ஓனர் உங்கள் கண் முன்னால் கையெழுத்துப் போடவேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்திருக்கும் கன்சல்டிங்கில், அந்த ஓனர் யார், இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. சேசிஸ் நம்பரைச் சாக்பீஸ் தேய்த்து எழுத்து எழுத்தாக ஆர்சி-யோடு ஒப்பிடுங்கள்.

மச்சான் கதை: வண்டியை விற்றார், வாங்கியவர் பெயர் மாற்றவில்லை, எட்டு மாதம் கழித்து விபத்து, கோர்ட் நோட்டீஸ் மச்சான் வீட்டுக்கு வந்தது. ஆர்சி-யில் யார் பெயரோ அவர்தான் பொறுப்பு என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விற்பவர்களும் இதைப் படியுங்கள்.

6 ஜூலை (தாளவாடித் தம்பி)

அண்ணா, திருப்பூரில் பனியன் கம்பெனி ஓனரிடமே நேராகப் பார்த்தோம். 2018 நவம்பர், முதல் ஓனர், மீட்டர் 2,14,000. பெயிண்ட் மங்கல், இடது கதவு நசுங்கியிருக்கிறது. அடியில் வெல்டு எதுவும் இல்லை. 4,50,000-க்கு முடித்தோம். வீட்டில் 'இவ்வளவு ஓடிய வண்டியா, அதுவும் நசுங்கினதா' என்று கேட்கிறார்கள்.

6 ஜூலை

ரொம்பச் சந்தோஷம் தம்பி. அம்மாவிடம் சொல்லுங்கள், கதவைத் தட்டி எடுத்துவிடலாம்.

இந்த வாரமே ஆயில், மூன்று ஃபில்டர், கூலன்ட் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், முன்னாள் ஓனர் போன மாதம்தான் மாற்றினேன் என்று சொல்லியிருந்தாலும். கிரவுன் ஆயிலையும் வடித்துப் பாருங்கள், அதை யாரும் மாற்றியே இருக்கமாட்டார்கள். இன்சூரன்ஸ் பெயர் மாற்றத்துக்குப் பதினாலு நாள்தான், அவருடைய நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடி உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள்.

பனியன் மூட்டை ஏற்றிய வண்டி இதுவரை மலை பார்த்திருக்காது. முதல் லோடு என்றைக்கு என்று சொல்லுங்கள், நான் மலை அடிவாரம் பண்ணாரியில் வந்து ஏறிக்கொள்கிறேன். காலியாக மேலே போவோம், கோசு ஏற்றி இறங்கும்போது பாதியில் ஒரு வளைவில் ஓரம் கட்டி நாலு வீலிலும் கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு பார்த்துவிடலாம். ஒரு வீல் மட்டும் கொதித்தால் அன்றைக்கே சத்தியில் பிரேக்கைப் பிரித்துவிடுவோம், மாமாவையும் கூட்டி வாருங்கள்.